நாலு மில்லிமீற்றர்

திங்கள் காலை பிறேமைத் துடைக்கும்போது
பெடல் அச்சுக்குக் கீழே ஒரு கோடு.
சேறு என்று நினைத்தேன்.
ஈரத்துணிக்கு அசையவில்லை.
சுரண்டினேன்; நகம் மாட்டியது.

இரண்டு முனையிலும் பென்சிலால் புள்ளி வைத்தேன்.
மகளின் அடிமட்டத்தால் அளந்தேன்: நாலு மில்லிமீற்றர்.
எனக்கு இது தொழில்.
நாவலடி, டச்பார், திருச்செந்தூர்,
முந்நூற்றுப் பதினேழு வீட்டுத் தண்ணீர் மீற்றரை
மாதத்துக்கு ஒருதரம் குனிந்து வாசிக்கிறவள்.

அலுமினியம் சைக்கிள்.
கட்டாரிலிருந்து கப்பலில் வந்த பெட்டிக்குள்
கொழுந்தன் புவிதரன் போட்டு அனுப்பியது,
பால்மாவுக்கும் போர்வைக்கும் நடுவில்.
"கடக்கரைக்கு இதுதான் சரி அண்ணி,
துருப்பிடிக்காது" என்றான் போனில்.
அவன் பொய் சொல்லவில்லை.
ஒன்பது வருசம், ஒரு செம்பொட்டுக்கூட இல்லை.
ஒற்றைக் கையால் தூக்கிப் படியேற்றுவேன்.

இவருடையது இரும்பு.
நிறுத்திவைத்த இடத்திலேயே குறை சொல்லும்.
உப்புக்காற்றுப் பட்ட இடமெல்லாம்
பெயின்ற் பொருமிச் சொறி கிளம்பும்.
மழைக்குள் ஓடினால் சீற்றுக் குழாய்க்குள்
தண்ணீர் நின்று உள்ளிருந்து தின்னும்.
மாரிக்கு முன்னர் ஒரு கரண்டி கழிவொயில்,
பிறகு உப்புத்தாள், சிவப்புப் பூச்சு, அதன்மேல் கறுப்பு.
மூன்று இடத்தில் உடைந்து மூன்று இடத்தில் ஒட்டியது.
அதில் ஒன்று ஆரையம்பதியில், கொட்டுகிற மழையில்,
யாரோ ஒருவர் கேற் ஒட்டிக்கொண்டிருந்த கையோடு
இதையும் ஒட்டிவிட்டார்.
காசு வாங்கவில்லையாம்.

அலுமினியத்துக்கு ஒன்றும் செய்யவேண்டாம் என்று
நானும் விட்டுவிட்டேன்.
இரும்பு போல்ட் தொட்ட இடத்தில்
கோதுமை மாபோல வெள்ளை பூத்திருந்தது.
சீற்றுத் தண்டு இறுகி நாலு வருசம்;
கிறீஸ் பூசியிருந்தால் கழன்றிருக்கும்.
மகள் ஓடப் பார்த்தாள்.
அவளுக்குக் கால் எட்டவில்லை,
சீற் இறங்கவில்லை.

காத்தான்குடியில் ஹில்மியின் பட்டறை.
தலைகீழாக வைத்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.
"ஒட்டலாம் அக்கா. அதுக்குரிய காஸ் இரிக்கி.
ஆனா சூடு பட்ட இடம் இளகிப் போகும்,
மறுகா பக்கத்தால வெடிக்கும்.
நான் ஒட்டி நீங்க பாலத்துல விழுந்தா
எனக்கு நித்திரை வராது."
துணியால் கையைத் துடைத்துக்கொண்டே
"இரும்பு சின்ன அடியெல்லாம் மறந்திரும்.
இது ஒண்டையும் மறக்காது" என்றார்.

விளங்கியது.
மீற்றர் பின்னால் சுற்றாது.
டச்பார் மணல், பள்ளிக்கூட வாசல் வேகத்தடை,
இரண்டு மூட்டை அரிசி ஏற்றிய நாள்,
மகளையும் அவள் சிநேகிதி றிஷோபாவையும்
ஒன்றாக ஏற்றி மழைக்கு முந்தி ஓடிய நாள்,
எல்லாம் உள்ளே ஏறியிருக்கிறது,
ஒரு கிறீச் சத்தம்கூட இல்லாமல்.

கந்தோரில் ஜெயசீலி சொன்னாள்:
"நாங்களும் அப்பிடித்தானே கா,
வெளியில மினுக்கம், உள்ளுக்க வெடிப்பு."
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
எனக்கு நொந்தால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்,
கட்டாருக்கும் கேட்கும்.
இது வெறும் உலோகம், ஜெயசீலி.

அடுத்த திங்கள் அளந்தேன்: ஆறு.

பழைய இரும்பு வாங்குகிறவர்
பிறேமைத் தராசில் தொங்கவிட்டார்.
இரும்பைவிட இதற்குக் கிலோவுக்குப் பலமடங்கு என்றார்.
முள் பார்த்தேன்.
ஒற்றைக் கையால் தூக்கிய சந்தோசமெல்லாம்
அந்த இடத்தில் நட்டமாகிப் போனது.
சில்லு இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் இரும்பில், இவர் பஸ்ஸில்.
கல்லடிப் பழைய பாலத்தில் ஏறும்போது
எந்தச் சத்தம் சைக்கிளுடையது,
எந்தச் சத்தம் பாலத்துடையது
என்று பிரிக்க முடியவில்லை.
மைமலில் வந்து உப்புப் போகக் கழுவித் துடைத்து
ஒட்டு மூன்றையும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.
குழாயைப் பூட்டிக் குனிந்து
எங்கள் வீட்டு மீற்றரை வாசிக்கிறேன்.
போன மாதத்தைவிட ஓர் அலகு கூட.
எழுதிக்கொண்டேன்.
இவரிடம் இன்னும் சொல்லவில்லை.